பச்சைப் பை, சிவப்புப் பை

தொண்டை மருத்துவர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "எத்தனை வருசமாக் கத்துறீங்க?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, சமூக அறிவியல். குரல்நாணில் தடிப்பு விழுந்திருக்கிறதாம். பதினான்கு நாள் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது நாணுக்கு இன்னும் சிரமம் என்றார். டிசம்பர் 26 அன்று வந்து காட்டச் சொன்னார். அரையாண்டுத் தேர்வுச் சமயம். விடுப்புக் கிடைத்துவிட்டது, ஆனால் விடைத்தாள் கட்டு வீடு தேடி வந்துவிட்டது. திருத்துவதற்குக் குரல் வேண்டாமல்லவா.

நாங்கள் குடியிருப்பது பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், ஒரு வீட்டின் மாடிப் பகுதியில். மொட்டைமாடிக்குப் போனால் ஊசிக்கோபுரம் தெரியும். 1826-இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் எழும்பிய தூய திரித்துவ ஆலயம் அது. முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரர் யோசிப்பார். ஊசிக்கோபுரம் என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். மாடியில் என் மனைவி, எதிர்ப்பேச்சுப் பேசாத புருஷன் கிடைத்த சந்தோஷத்தில், வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லி முடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் விடைத்தாள் கட்டோடும் சிவப்புப் பேனாவோடும் கீழ்வீட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கார டீச்சருக்கு எழுபத்தொரு வயது. காது கேளாத பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இந்த ஊருக்கு அந்தப் படிப்பு புதிதல்ல. ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற அம்மையார் 1890களிலேயே இங்கே அவர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கிவிட்டார். டீச்சர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். இங்ஙன ஒங்களுக்குப் பேச வேண்டிய அவசியமே இருக்காது" என்றார். அதன் பொருள் மூன்று மணிக்குத்தான் புரிந்தது.

மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். டீச்சரிடம் படித்தவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். டிசம்பர் பிறந்தால் பலகார வேலைக்கு டீச்சர் வீட்டுக்கு வந்துவிடுவாளாம். வாசலில் அவள் அழுத்தியபோது மணி அடிக்கவில்லை, கூடத்து விளக்குதான் இரண்டு தரம் மின்னி அணைந்தது. பணியில் இருந்த காலத்தில் பிள்ளைகள் வந்துபோவதற்காக வைத்த ஏற்பாடாம். டீச்சர் கை தூக்கினார். அவளும் தூக்கினாள். பிறகு இருவருடைய கைகளும் பேசத் தொடங்கின.

டீச்சருக்கு ஒரு வழக்கம், கையால் பேசும்போதே வாயாலும் சொல்லிக்கொண்டு போவார். பள்ளிக்கூடப் பழக்கம். அந்தப் பெண்ணின் பேச்சு முழுவதும் விரல்களிலும் முகத்திலும். ஆக, எனக்குக் கிடைத்தது பாதி உரையாடல். தொலைபேசியில் அடுத்த வீட்டுக்காரர் பேசுவதை ஒட்டுக்கேட்பது போல, ஒரு பக்கத்தை வைத்து மறுபக்கத்தை ஊகிக்க வேண்டும்.

"எத்தனன்னு கேக்கியா? நாப்பத்தாறு." விரல்கள் ஏதோ சொல்லின. "கூடத்தான்ட்டி. என்ன செய்ய, தெரு பெருசாயிட்டுல்லா."

மேசையில் ஃபெல்ட் துணி அடுக்கு. ஏ4 தாள் அளவில் வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பள்ளிக்கூடக் கைவேலைக்கு விற்பார்களே, அந்தத் துணிதான். சிவப்பில் ஒரு கட்டு, பச்சையில் ஒரு கட்டு, நட்சத்திரம் வெட்ட மஞ்சளில் இரண்டு. கிறிஸ்துமஸ் பலகாரத்தை இந்த வருடம் தட்டில் கொடுப்பதில்லை, சின்னச் சின்னப் பையில் போட்டுக் கொடுப்பது என்று டீச்சர் தீர்மானித்திருக்கிறார்.

பைக்கு அளவு எடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. நாடாவை அவர் தொடவே இல்லை. காலையிலேயே அளவுக்கென்று ஒரு ஈடு அச்சுமுறுக்கு சுட்டு வைத்திருந்தார். நான்கு முறுக்கை ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்து, பழைய தினத்தாளை அதைச் சுற்றிப் பொதிந்து, பொதிந்த தாளை அப்படியே அழுத்தித் தட்டையாக்கினார். ஒரு விரல் கூட்டி மடக்கினார். அதுதான் அளவு. அதைக் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றின்மேல் வைத்து வெட்டி, அடி இரண்டு மூலையையும் வளைவாக நறுக்கினார். மூலை கூராக இருந்தால் முறுக்கு அங்கே போய் ஒடியும் என்பது காரணம். ஒரு ஷீட்டைப் பாதியாக வெட்டினால் முன்பக்கம், பின்பக்கம். ஷீட்டுக்கு ஒரு பை. பொருளை வைத்துப் பை தைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கடையில் பையை வாங்கி வந்துவிட்டு அதற்குள் எதைத் திணிக்கலாம் என்று யோசிக்கிற காலம் இது.

வெட்டிய துண்டுகள் சுருண்டு கிடந்தன. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, ஒரு கை கொடுப்போம் என்று நான் எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரு சிவப்புத் துண்டின்மேல் வைத்தேன். குரல் இருந்திருந்தால், "தேய்க்கலாமா டீச்சர்?" என்று கேட்டிருப்பேன். இல்லை. துண்டு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் அப்பளம் சுட்டதுபோல் சுருங்கி, ஓரத்தில் பிளாஸ்டிக் உருகிய வாடை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். டீச்சரும் கோபிக்கவில்லை. மெழுகுவத்தித் துண்டை எடுத்து, பெட்டி இளஞ்சூடாக இருக்கும்போதே தேய்த்துப் பழந்துணியால் துடைத்து எடுத்தார்.

"அசல் ஃபெல்ட்டுன்னா ஆட்டு ரோமம் சார். வெந்நீரும் சோப்பும் ஊத்தித் தேச்சுத் தேச்சு, ரோமம் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு அதுவே துணியாயிரும். தறி கிடையாது, பாவு ஊடை கிடையாது. இது பாலியஸ்டர். பேருதான் ஃபெல்ட்டு."

பாவு ஊடை கிடையாது என்பதில்தான் இந்தத் துணியின் சௌகரியம் இருக்கிறது. நெய்த துணியை எங்கே வெட்டினாலும் நூல் பிரியும், பிசிறு தட்டும். ஓரத்தை மடித்து அடித்தே ஆக வேண்டும். ஃபெல்ட்டில் பிரிய நூலே இல்லை. வெட்டினால் வெட்டியபடி நிற்கும். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு ஓரம் மடிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர், ஓரம் மடிக்க வேண்டாத துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தார். "சோம்பேறித் துணி" என்றார். ஆனால் விடவில்லை. ஒட்டுப்பசைத் துப்பாக்கியால் ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம் என்று அந்தப் பெண் சைகை காட்டியபோது, "ஒட்டுனா பொட்டலம். தைச்சாத்தான் பை" என்று முடித்துவிட்டார்.

போட்டது பிளாங்கெட் தையல். சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுப்பார்களே, அதையே இடைவெளி விட்டுப் போட்டால் இது. ஊசியை மேலிருந்து குத்தி ஓரத்துக்குக் கொண்டுவந்து, நூலின் வளையத்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் ஓரத்தில் ஒரு கொண்டியாக உட்காரும். எம்ப்ராய்டரி நூல்கண்டில் ஆறு இழை இருக்கும்; மூன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். இழைகளைச் சேர்த்து இழுத்தால் சிக்கும். ஒற்றை ஒற்றையாக உருவி, மறுபடி சேர்க்க வேண்டும். இதை அந்தப் பெண் செய்யும் அழகைப் பார்க்க விடைத்தாளை மூடிவைத்தேன். நூலின் ஒரு நுனியை உதட்டில் கவ்விக்கொள்வாள். இடது கையால் ஓர் இழையை உருவுவாள். மிச்சம் ஐந்தும் நத்தைபோல் சுருண்டு ஏறும். உருவி முடிந்ததும் தானாக நீண்டு தொங்கும். அவள் இடக்கைக்காரி. அது பிறகு முக்கியமாகப் போகிறது.

அவர்கள் ஒருவரையொருவர் அழைப்பது மேசையைத் தட்டித்தான். விரல் முட்டியால் இரண்டு தட்டு. மரத்தில் அதிர்வு ஓடி அவள் முழங்கைக்குப் போகும், நிமிர்வாள். நான் தெரியாமல் பேனாவை மேசையில் உருட்டினால்கூட நிமிர்ந்து பார்ப்பாள். ஒன்றிரண்டு நாளில் பேனாவைப் பூப்போல வைக்கப் பழகிக்கொண்டேன். நாலரைக்கு டீச்சர் காப்பி போட உள்ளே போவார். மார்கழி பிறந்துவிட்டதால் அதிகாலையில் எதிர்த்தெருக் கோயில் ஒலிபெருக்கி, ராத்திரியில் கேரல் ரவுண்ட்ஸ் வரும் பையன்களின் டிரம்மும் கிடாரும் என்று தெரு இரண்டு முனையிலும் சத்தமாக இருந்தது. நடுவில் மூன்றிலிருந்து ஆறரை வரை இந்த வராந்தாவில், ஊசி ஃபெல்ட்டைத் துளைக்கும்போது வருகிற மெல்லிய 'பொத்' மட்டும். கவனித்தால்தான் கேட்கும்.

மேசையில் குண்டூசி குத்தி வைக்க ஒரு யானை இருந்தது. சாம்பல் நிற ஃபெல்ட் யானை, தும்பிக்கையில் ஒட்டுப் போட்டது. ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் 1847-இல் பிறந்த மார்கரெட் ஷ்டைஃபின் கதையை டீச்சர் ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்வாராம். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம். இரண்டு காலும் போயிற்று, வலது கையும் சரியாக வராது. தையல் படித்தார், ஃபெல்ட் துணிக் கடை வைத்தார். 1880-இல் குண்டூசி குத்தி வைக்கவென்று யானை தைத்தார். பெண்கள் வாங்கிப்போனால் பிள்ளைகள் பிடுங்கி விளையாடினார்கள். பொம்மைக் கம்பெனி அங்கிருந்து பிறந்தது. மேசை யானை ஏதோ ஒரு வருடத்து மாணவியர் தைத்துக் கொடுத்தது. முதுகெல்லாம் ஊசி, ஆனாலும் நல்ல யானை.

யானைக்குக் கீழே விரித்திருந்த லேஸ் துணி இன்னும் பழையது. டீச்சரின் அம்மையைப் பெற்ற ஆச்சி இடையன்குடியில் திண்டு வைத்துப் பின்னியதாம். இடையன்குடி என்றால் எங்களுக்குக் கால்டுவெல். கால்டுவெல் என்றால் ஒப்பிலக்கணம், 1856. பிள்ளைகள் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற அம்மையார் மிஷன் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்ததும், அடிமைப்பட்டுக் கிடந்த பெண்கள் சிலர் அந்த லேஸ் காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டதும், மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டு இடையன்குடி மணலுக்கு அந்தத் தொழிலைக் கொண்டுவந்ததும் எந்த விடைத்தாளிலும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தால்தானே எழுதுவார்கள்? எலைசாவைப் பற்றி நான் வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதில்லை, குரல் நன்றாக இருந்த காலத்தில்கூட.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் ஏதோ கேட்டாள். கையை ஏந்தித் தட்டுபோல் காட்டி, பிறகு பையைத் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். தட்டை விட்டுப் பை எதற்கு என்பது கேள்வி என்று எனக்கே புரிந்தது. டீச்சர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்.

"தட்டுல கொடுத்தா தட்டத் திருப்பித் தரணும்ல? வெறுந்தட்டு தரப்பிடாதும்பாங்க. எதிர்ச்சாரியில அந்தப் பிள்ள, போன வருசம் அது வீட்டுக்காரருக்கு வேல போயிருந்த நேரம். கால் கிலோ சீனி போட்டுத் தட்டக் கொண்டாந்துச்சு. கடைப் பொட்டலத்தப் பிரிச்சுக் கொட்டுனது. அது வீட்டுல அன்னைக்குக் காப்பிக்குச் சீனி இருந்துச்சோ என்னமோ." கை சற்று நின்றது. "பைன்னா திருப்பித் தர வேண்டாம்ல."

எங்கள் தெருவில் தீபாவளிக்கு அதிரசத் தட்டு ஒரு திசையில் போகும், கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்துத் தட்டு மறுதிசையில் போகும், பெருநாளைக்குப் பிரியாணித் தூக்குவாளி போகும். இதைப் பற்றி மேடையில் நானே பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். தட்டு என்பது பாதி பரிசு, பாதி கடன் என்று எனக்குத் தோன்றியதில்லை. என் மனைவிக்குத் தோன்றியிருக்கும்; திருப்பிக் கொடுக்கும் தட்டில் என்ன போடுவது என்ற கவலை ஆண்களுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அவர்களுடைய கணக்கும் பிடிபட்டது. பை ஒன்றுக்கு நட்சத்திரம், பித்தான், கைப்பிடி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். நாற்பத்தாறு பைக்கு ஐம்பத்தேழரை மணி நேரம். இருபத்தெட்டு சிவப்பு, பதினெட்டு பச்சை. நிறம் அழகுக்கல்ல. சிவப்புப் பையில் அச்சுமுறுக்கும் கலகலாவும். இரண்டிலும் முட்டை உண்டு. பச்சைப் பையில் முந்திரிக்கொத்தும் கைமுறுக்கும். கடைப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி போடுகிறார்களே, அந்த ஏற்பாடுதான். வாங்குகிறவர் கேட்கவும் வேண்டாம், கொடுக்கிறவர் விளக்கவும் வேண்டாம். பித்தான்கூடப் பார்த்துத் தைத்தார்கள். பள்ளிச் சீருடையிலிருந்து வெட்டிச் சேர்த்த வெள்ளைப் பித்தான், நான்கு துளை. ஆலயத்துக்காரர் வீட்டுப் பைகளில் நூல் குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவையாக ஓடியது. மற்ற வீட்டுப் பைகளில் இரண்டு இணைகோடு. யாரும் கவனிக்கப் போவதில்லை. எனக்குப் பேச்சு இருந்திருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பச்சை. எங்கள் வீடு சைவம்; அதாவது என் மனைவி சைவம்.

இனி நான் பார்த்ததும் யாரிடமும் சொல்லாததுமான காரியத்துக்கு வருகிறேன். டீச்சருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணுக்குப் பொங்கல் கழிந்து ஆபரேஷன். வெளிச்சம் மங்கினால் அவர் தையல் தடுமாறும். கொண்டிகள் ஒன்று நெருக்கமாக, ஒன்று தள்ளி, ஒன்று ஓரத்தை விட்டு ஏறி. ஆறாம் நாள் நாலரைக்கு அவர் காப்பி போடப் போனார். அந்தப் பெண் தலையைத் திருப்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அவளுக்குக் காலடிச் சத்தம் கேட்காது, ஆகவே கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு, டீச்சர் முடித்து வைத்த பையை மடிக்கு இழுத்தாள். கத்தரி நுனியால் கோணல் தையல் பத்துப் பதினைந்தைச் சரசரவென்று பிரித்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள், ஃபெல்ட்டில் ஊசித் தடம் அப்படியே மூடிக்கொள்ளும், சோம்பேறித் துணியின் இன்னொரு சௌகரியம். மறுபடி போட்டாள். என்ன வேகம்! காப்பி மணம் வருவதற்குள் பை பழைய இடத்தில் பழைய கோணத்தில் இருந்தது. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம் முகம் மாறியது. விரலை உதட்டில் வைத்தாள்.

பேசவே கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆளிடம். நானும் விரலை உதட்டில் வைத்தேன்.

அதன்பின் தினமும் நாலரைக்கு அது நடந்தது. சில நாள் இரண்டு பை. நான் சமையலறைக் கதவு தெரியும்படி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். டீச்சர் வரும் சத்தம் கேட்டால் பேனாவை மேசையில் உருட்டுவேன். அதிர்வு அவளுக்குப் போகும். இருபத்திரண்டு வருட ஆசிரியர் வாழ்க்கையில் காப்பியடிப்பதற்கு நான் காவல் நின்றது அதுதான் முதல் தடவை.

இருபதாம் தேதி பலகார நாள். கொல்லையில் அடுப்பு மூட்டி எண்ணெய்ச் சட்டி ஏற்றினார்கள். முந்திரிக்கொத்துக்கு முந்திரிப்பருப்பு கிடையாது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி மாளாது. பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து வெல்லப்பாகில் உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் விடுவது. கொடிமுந்திரிக் குலைபோல வரும், அதனால் அந்தப் பெயர். அச்சுமுறுக்கு வேறு ரகம். அரிசிமாவு, தேங்காய்ப்பால், சீனி, முட்டை. அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சுட வேண்டும். மாவில் முக்கும்போது முக்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மாவு தலைக்கு மேல் ஏறிவிட்டால் முறுக்கு அச்சைவிட்டு இறங்காது, அங்கேயே வெந்து கிடக்கும். அந்தப் பெண் அச்சை உதறும் உதறலில் பூ ஒன்று கழன்று எண்ணெயில் மிதக்கும். ஐந்துக்கு ஒன்று உடையும்.

உடைசல் தட்டு என்னிடம் வந்தது. சுடச்சுட, தேங்காய்ப்பால் வாசனையோடு. நான் ஒன்றை எடுத்தேன், இரண்டை எடுத்தேன். நான்காவதை வாயில் போடும்போது மாடிப்படியில் கொலுசு கேட்டது. கையைச் சட்டென்று விடைத்தாளுக்கு அடியில் மறைத்தேன். மனைவி வந்து டீச்சரிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒரு பையனுடைய பிரெஞ்சுப் புரட்சி முழுக்க எண்ணெய்க் கறை. நிமிர்ந்தால் அந்தப் பெண் அடுப்புப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை நான்தான் முதலில் விரலை உதட்டில் வைத்தேன்.

மழைக்காலம்; ஆறிய முறுக்கை அப்படியே பையில் போட்டால் நமத்துவிடும். நான்கு நான்காகப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, வாயை ரம்பப் பிளேடில் மடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஓர் இழுப்பு இழுத்து ஒட்டினார்கள், பெட்டிக்கடையில் மிக்சர் பொட்டலம் ஒட்டுவது போல. எண்ணெய் ஃபெல்ட்டில் ஏறாமல் இருக்கவும் அதுவே வழி. கொத்துக்குப் பட்டர் பேப்பர்.

இருபத்திரண்டாம் தேதி கடைசிப் பைகள். அந்தப் பெண் குனிந்து நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் தன் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பையை எடுத்து, நல்ல கண்ணுக்கு நெருக்கிப் பிடித்து, ஓரம் முழுக்க விரலை ஓட்டினார். முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் உதடு படிப்பாள். திருப்பிக்கொண்டால் போதும், குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.

"சார், இது நான் போட்ட தையல் இல்ல."

நான் விடைத்தாளைப் பார்த்தேன்.

"நான் வலக்கை. இடது வாயோரத்துல தொடங்கி, அடியச் சுத்திட்டு, வலது வாயோரத்துல முடிப்பேன். ஆரம்ப முடிச்சு உள்ள போயிரும், கடைசி முடிச்சு வலது பக்கம் வெளிய நிக்கும். இவ இடக்கை. வலதுல தொடங்கி இடதுல முடிப்பா. இங்க பாருங்க." பையின் இடது ஓரத்தில் கடுகளவு முடிச்சு. "நாலு நாளா என் பையில பாதிக்கு இடதுலதான் முடிச்சு. நான் சொல்லிக்கொடுத்த தையல்ல எனக்கேவா?"

சிரித்தாரா, இல்லையா என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பையைக் குவியலில் வைத்து, தடவி நேராக்கினார். "சொல்லிராதீங்க, என்ன? பிள்ள சங்கடப்படும்."

நான் தலையாட்டினேன். அந்தப் பதினான்கு நாளில் என்னிடம் மூன்று ரகசியங்கள் சேர்ந்திருந்தன, அதில் ஒன்று என்னுடையது.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையிலேயே ஆலய மணி. ஆராதனை முடிந்து எட்டு மணிக்கு டீச்சர் பட்டுச்சேலையில், பின்னால் அந்தப் பெண் இரண்டு கட்டைப்பையில் நாற்பத்தாறையும் சுமந்துகொண்டு, தெருவில் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். எதிர்ச்சாரி வீட்டுப் பெண் பையை வாங்கியதும் வழக்கம்போல, "இருங்க டீச்சர், தட்ட..." என்று உள்ளே திரும்பியவள், கையில் தட்டு இல்லையென்று கண்டு நின்றுவிட்டாள். பையின் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். டீச்சர் அதற்குள் அடுத்த படி ஏறியாயிற்று.

எங்கள் வீட்டுக்குப் பச்சைப் பை வந்தது. மனைவி வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினாள். நான் கைகூப்பினேன். பிறகு நினைவு வந்து, காது கேளாதோர் கைதட்டுவதுபோல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அந்தப் பெண்ணும் பல்தெரிய ஆட்டினாள். அவர்கள் இறங்கிப் போன பிறகு நாளிதழ் எடுக்கப் படிக்கட்டுக்கு வந்தால், கைப்பிடிக் கம்பியின் கடைசியில், மாடியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு சிவப்புப் பை தொங்கியது. கணக்கில் நாற்பத்தேழாவது.

முறுக்கைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தின்று முடித்தேன். பை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சிவப்புப் பேனாக்களை அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன். கைப்பிடி கொஞ்சம் கோணல். கொண்டிகள் ஒன்று நெருக்கமாக, ஒன்று தள்ளி. முடிச்சு வலது ஓரத்தில்.